இருப்பில் இருக்கிறதா, இல்லையா?

1980களின் தொடக்கத்தில் நான் ஒரு மருந்துக் கிடங்கில் எழுத்தராக இருந்தேன். எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுகிறேன். ஒருநாள் மாலை, நாற்காலியை விட்டு எழும் நேரத்தில், மேலிடத்திலிருந்து அவசரச் சுற்றறிக்கை வந்தது. குறிப்பிட்ட பேட்ச் எண் கொண்ட குளுக்கோஸ் பாட்டில்களை உடனே நிறுத்திவைத்து, இருப்பு எவ்வளவு என்று மறுநாள் காலைக்குள் தெரிவிக்க வேண்டும்.

இருப்புப் பதிவேடு என் கையெழுத்தில்தான் இருந்தது. குளுக்கோஸ் பாட்டில் வரவு இத்தனை, செலவு இத்தனை, மீதி இத்தனை என்று ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தேன். தணிக்கைக்காரர்கள் பாராட்டிய பதிவேடு அது. ஆனால் பேட்ச் எண்ணுக்கு அதில் கட்டமே கிடையாது. நானும் கடைநிலை ஊழியர் இருவருமாகப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பாட்டிலையும் விளக்கில் காட்டிப் பார்த்தோம். இரண்டு இரவுகள் ஆயின. கிடங்கில் இருந்ததை எண்ணிவிட்டோம். அதற்கு முன்பே கிராமத்து மருத்துவமனைகளுக்குப் போனவற்றில் அந்த எண் எத்தனை, யார் உடம்பில் ஏறியது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்தப் பழைய சங்கதி மறுபடி ஞாபகத்துக்கு வந்தது 2021 டிசம்பரில். கொரோனாவுக்குப் பிறகு என் மருமகன் எங்கள் வீட்டு மாடியிலிருந்தே கம்பெனி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் சாப்பிடக் கீழே இறங்கவில்லை. காபி கொண்டுபோய்க் கொடுத்து, "என்ன மாப்பிள்ளை, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, ஒரு சாமான் எங்ககிட்ட இருக்கா இல்லையான்னு தேடிட்டிருக்கோம்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அவர்கள் தேடிய சாமானின் பெயர் லாக்ஃபோர்ஜே. அப்பாச்சி அறக்கட்டளையின் பெயரில், விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள் பராமரித்துவந்த இலவச மென்பொருள் துண்டு. ஜாவா மொழியில் எழுதும் நிரல்களுக்கு இது தினக்குறிப்பு எழுதிக் கொடுக்கும். யார் வந்தார், என்ன கேட்டார் என்பதையெல்லாம் வரிசையாகப் பதிந்து வைக்கும். நம் தபால் பிரிவு எழுத்தர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் அவர் வேலை. ஆனால் கடிதத்தில் 'இன்ன தெருவில் இன்ன வீட்டுக்குப் போய் அங்கே கொடுக்கும் பொட்டலத்தை வாங்கிவந்து அதன்படி செய்' என்று எழுதியிருந்தால், அவர் பேனாவை வைத்துவிட்டு அப்படியே போய்ச் செய்தால் எப்படியிருக்கும்? லாக்ஃபோர்ஜே அதைத்தான் செய்தது. மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டில் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டியே எதிராளியின் கணினியைப் பிடித்தார்கள்.

2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுட் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர் இதை அப்பாச்சிக்கு ரகசியமாகத் தெரிவித்தார். டிசம்பர் 9 அன்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. திருத்திய பதிப்பும் வந்தது. பிறகு அதற்கும் ஒரு திருத்தம், அதற்கும் ஒன்று என்று அந்த மாதத்துக்குள் 2.15, 2.16, 2.17, 2.17.1 என நான்கு பதிப்புகள். ஆகவே 'இருக்கிறதா' என்ற கேள்வியோடு 'எந்த எண்' என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. பேட்ச் எண்தான், வேறென்ன!

பெரும்பாலோர் இந்த லாக்ஃபோர்ஜேயை நேரடியாகக் கேட்டு வாங்கவே இல்லை. அவர்கள் வாங்கிய வேறொரு துண்டு, தனக்குத் தேவையென்று இன்னொன்றை அழைத்துவரும், அது மற்றொன்றை. கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் பஸ் நிறைய வந்து இறங்குவது போல. கூகுள்காரர்கள் அந்த மாதமே ஆராய்ந்து பார்த்தபோது, பல நிரல்களில் ஐந்தாறு படி கீழேயும், சிலவற்றில் ஒன்பது படி கீழேயும் அது உட்கார்ந்திருந்தது. அமெரிக்க அரசு அமைத்த ஆய்வுக் குழு 2022 ஜூலையில் அளித்த அறிக்கையின்படி, ஓர் அமைச்சகம் மட்டும் இந்த வேலைக்கு 33,000 மணி நேரம் செலவழித்தது. நமக்கு இரண்டு இரவோடு போயிற்று.

இதற்கு மருந்து என்று சொல்லப்படுவதுதான் மென்பொருள் உட்பொருள் பட்டியல். ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்.பி.ஓ.எம். மோட்டார் தொழிற்சாலைகளில் ஒரு வண்டிக்கு எத்தனை திருகு, எந்த அளவு, யார் தயாரிப்பு என்று காலங்காலமாக எழுதும் பட்டியலின் தம்பி. பிரெஞ்சில் இதற்கு 'நொமான்க்ளத்யூர்' என்றே பெயர். பள்ளியில் செடிகொடிகளுக்கு லத்தீன் பெயரிடும் முறைக்கு மட்டும்தான் அந்தச் சொல் என்று நினைத்திருந்தேன். எழுபது வயதுக்கு மேல் ஒரு சொல்லுக்கு இன்னொரு பொருள் கிடைப்பதில் ஒரு சந்தோஷம்!

மென்பொருள்காரர்கள் இந்தப் பட்டியலைப் பாதுகாப்புக்காக ஆரம்பிக்கவில்லை. 2010இல் லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் எஸ்.பி.டி.எக்ஸ். என்ற பட்டியல் முறை தொடங்கியபோது, கவலையெல்லாம் உரிமம் பற்றித்தான். யாருடைய நிரலை எந்த நிபந்தனையில் எடுத்தோம், நாளைக்கு வழக்கு வருமா என்ற பயம். பாதுகாப்பை மனத்தில் வைத்து சைக்ளோன்டிஎக்ஸ் என்ற முறை 2017இல் வந்தது. அதே ஆண்டுதான் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தின் கோப்புகளிலிருந்து சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. ஸ்ட்ரட்ஸ் என்ற துண்டில் ஓட்டை என்று மார்ச் 7 அன்றே அறிவிப்பு வந்துவிட்டது. உள்ளே சுற்றறிக்கையும் போனது. கருவி வைத்துத் தேடவும் தேடினார்கள், அகப்படவில்லை. ஆனால் அது அங்கேதான் இருந்தது. இந்த இடத்தைப் படித்தபோது அந்தச் சுற்றறிக்கையை அனுப்பிய குமாஸ்தா யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

2021 மே 12 அன்று பைடன் பிறப்பித்த 14028ஆம் எண் ஆணை, அரசுக்கு மென்பொருள் விற்பவர்கள் இந்தப் பட்டியலைக் கொடுக்க வழி வகுத்தது. ஜூலையில் குறைந்தபட்சக் கட்டங்கள் ஏழு என்று வகுத்தார்கள்: தயாரித்தவர், துண்டின் பெயர், பதிப்பு எண், வேறு அடையாளம், எது எதை நம்பியிருக்கிறது, பட்டியலை எழுதியவர், எழுதிய நேரம். கடைசி இரண்டையும் பாருங்கள். எழுதியவன் கையெழுத்தும் தேதியும் இல்லாத பதிவேடு பதிவேடே அல்ல என்று எங்கள் சூப்பரின்டெண்டென்ட் சொல்வார்.

யாரும் உட்கார்ந்து கையால் எழுதுவதில்லை. சிஃப்ட் போன்ற கருவிகள் ஒரு நொடியில் எழுதிவிடும். எதைப் பார்த்து எழுதுகிறது என்பதில்தான் விஷயம். நிரல் எழுதுகிறவர் தனக்கு வேண்டியதைக் குறித்துவைக்கும் கோப்பு ஒன்று உண்டு, அது இன்டென்ட். உண்மையில் வந்து இறங்கியவை எல்லாம் பதிப்பு எண்ணோடு பதிவாகும் பூட்டுக் கோப்பு இன்னொன்று. அது சரக்கு வரவுப் பதிவேடு. "நாங்க கேட்டது முப்பது சொச்சம் மாமா. வந்து உட்கார்ந்திருக்கிறது ஆயிரத்துக்கு மேல" என்றார் மருமகன். முதல் கோப்பை மட்டும் பார்த்து எழுதிய பட்டியல் என் பழைய பதிவேடு மாதிரிதான்: அழகாக இருக்கும், ஆபத்துக்கு உதவாது. வேறொருவரின் நிரலைச் சீட்டைக் கிழித்துவிட்டுத் தன் நிரலுக்குள் நகலெடுத்து ஒட்டியிருந்தால், இரண்டாவது கோப்பிலும் அது தெரியாது. முடிந்த பொருளையே பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது; முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து. அதுவும் பட்டியல் கேட்கிறது. ஆனால் குறைந்தபட்சம் முதல் படியில் உள்ளவை இருந்தால் போதுமாம். ஒன்பதாவது படியில் ஒளிந்திருந்ததைப் பார்த்த பிறகும் இப்படி எழுதினால் என்ன சொல்வது? அமெரிக்காவில் இணையத்தோடு சேரும் மருத்துவக் கருவிகளுக்கு 2023 மார்ச் முதல் இந்தப் பட்டியல் சட்டப்படி கட்டாயம். நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

2024 பெரிய வெள்ளி விடுமுறைக்கு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். சனிக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் போன் விடாமல் அதிர்ந்தது. எக்ஸ்இசட் என்ற துண்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அதைப் பராமரிப்பவர்களில் ஒருவராக நுழைந்த ஆசாமியே திருட்டு வாசல் வைத்துவிட்டதாகச் செய்தி. பட்டியல் இந்த மாதிரி துரோகத்தைக் கண்டுபிடிக்காது. அதில் 5.6.1 என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கும். அவர் இடது கையால் மடிக்கணினியைத் திறந்து பெயரைத் தட்டினார். நான் சட்னிக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன்.

"இருக்கு மாமா. ஆனா 5.4தான்."

மூடி வைத்துவிட்டு, இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.