பிரேக் மிதி தளர்தல் (மலை இறக்கத்தில்)

பிரேக் மிதி பஞ்சுபோல அமுங்கினால் குழாய்களில் காற்று புகுந்துவிட்டது என்பார்கள். சமதரையில் அது பெரும்பாலும் சரி. ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதை போன்ற நீண்ட இறக்கத்தில் மட்டும் மிதி தளர்ந்து, வண்டி ஆறியதும் பழையபடி கெட்டியானால் காற்றைக் குறை சொல்ல முடியாது. கொதித்தது பிரேக் ஆயில். (ஆயில் என்பது பேச்சு வழக்குதான், அது பெட்ரோலிய எண்ணெய் அல்ல.) காற்றின் ஈரத்தை அது மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 3 வகை பிரேக் திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது தரவிதி. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 140 பாகைதான். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். கால் கொடுத்த அழுத்தம் சக்கரத்தை எட்டாமல் போவது அதனால்தான்.

திரவத்தைக் கொதிக்கவைக்கும் வெப்பத்தில் இடது காலுக்கும் பெரும்பங்கு உண்டு. கிளட்சை மிதித்தபடி வண்டியை உருளவிட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்குமான தொடர்பு அறுந்து, முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. கிளட்சை விட்டு இரண்டாம் கியரில் இறங்கச் சொன்னால், எஞ்சின் உறுமி எரிபொருள் வீணாகும் என்பது வழக்கமான மறுப்பு. அது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் வரத்து பெரும்பாலும் நின்றுவிடும். கிளட்சை மிதிக்காவிட்டால் எஞ்சின் அணைந்துவிடும் என்ற அச்சமோ, வண்டி நிற்கப்போகும் கடைசிச் சில அடிகளுக்கு மட்டுமே பொருந்தும்.