எரிந்த நகரின் இசையாசான்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் திருச்சிலுவை ஆலயத்துக்கென ஒரு சிறுவர் பாடகர்குழு உண்டு. 13ஆம் நூற்றாண்டிலேயே வேர்கொண்ட பழமை அதனுடையது. அக்குழுவை 1930 முதல் 1971இல் தாம் மறையும்வரை நடத்தியவர் ருடால்ஃப் மௌவர்ஸ்பெர்கர்.

1889இல் மலைச்சிற்றூர் ஒன்றில் பிறந்த அவர், லைப்சிக் இசைக்கல்லூரியில் ஆர்கன் பயின்றார். ஆஹன் நகரில் ஆர்கன் கலைஞராகவும் பாடகர்குழுத் தலைவராகவும் விளங்கினார். பின்னர் பாஃக் திருமுழுக்குப் பெற்ற ஐசனாக் நகரில் பணியாற்றி, டிரெஸ்டனுக்கு வந்தார். அவரது பயிற்சியில் குழுவின் புகழ் கடல் கடந்தது. 1935, 1938 ஆகிய ஆண்டுகளில் அது அமெரிக்கா சென்று பாடிற்று. 1933 மே மாதத்தில் அவர் நாஜிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார் என்பதையும் உடன் கூறியாக வேண்டும். அவ்வாட்சியிலும் ஆலயத்தில் திருமறை இசையையே அவர் தொடர்ந்து பாடச் செய்தார் என்பது மெய்யே; ஆயினும் ஒன்று மற்றொன்றை அழித்துவிடுவதில்லை.

1945 பிப்ரவரி 13ஆம் நாள் இரவு நேசநாட்டு விமானங்கள் டிரெஸ்டனை எரித்தன. மாண்டோர் 25,000 பேர்வரை இருக்கலாமென வரலாற்றறிஞர் குழுவொன்று 2010இல் முடிவு கூறியது. பாடகர்குழுச் சிறுவர் பதினொருவர் அதில் மடிந்தனர். ஆலயம் எரிந்தது, ஆர்கனும் இசைச்சுவடிகளும் எரிந்தன. ஆசான் உயிர் தப்பிப் பிறந்த ஊர் சேர்ந்தார். அவ்வாண்டு உயிர்த்தெழுதல் பெருவிழாவை ஒட்டிய துக்க நாள்களில், கருவியிசை ஏதுமின்றிக் குரல்கள் மட்டுமே பாடும் ஒரு பாடலை இயற்றினார். ஆர்கன் கலைஞர் ஒருவர் ஆர்கனற்ற ஆலயத்துக்கு வேறென்ன எழுதுவார்?

பாடலுக்குரிய சொற்களை அவர் தாமே எழுதவில்லை. எரேமியாவின் புலம்பலிலிருந்து எடுத்துக்கொண்டார். எருசலேம் அழிந்ததற்கு இரங்கும் அந்நூல், பாரி இறந்தபின் பறம்பை எண்ணிப் பிறந்த கையறுநிலைப் பாடல்களைத் தமிழ் நெஞ்சுக்கு நினைவூட்டும். எபிரேய மூலத்தில் அதன் முதல் நான்கு அதிகாரங்கள், தமிழின் வருக்கமாலையைப்போல, எழுத்துவரிசையில் தொடுக்கப்பட்டவை. மௌவர்ஸ்பெர்கர் லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பிலிருந்து வேண்டிய அடிகளை மட்டும் பொறுக்கி, புதிய வரிசையில் அடுக்கினார். ஆளற்ற வாயில்கள், தெருவெங்கும் சிதறிய ஆலயக் கற்கள், உயரத்திலிருந்து இறங்கிய தீ, அழகிற் சிறந்ததென்று பேர்பெற்ற நகர் இதுதானா என்னும் வினா. ஒவ்வோரடியும் டிரெஸ்டனுக்கென்றே எழுதியதுபோல் வந்து பொருந்துகிறது. இறுதி அதிகாரத்தை எட்டிய பின்னரும் பாடல் முதல் அதிகாரத்துக்கே மீண்டு, தன் துயரைப் பார்க்குமாறு இறைவனை வேண்டும் சிறு விண்ணப்பத்தில் நிற்கிறது.

எடுத்தவற்றினும் விடுத்தவை கூடுதலாகப் பேசுகின்றன. மூலநூல் அழிவைப் பாடுவதோடு அமையாது, அவ்வழிவு தம் மக்கள் செய்த பாவத்தின் விளைவென்றும் ஒப்புக்கொள்கிறது. ஐந்தாம் அதிகாரத்தின் 16ஆம் வசனம் அத்தகைய அறிக்கை. மௌவர்ஸ்பெர்கர் 17ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டார், 16ஐ விட்டுவிட்டார். பாடல் முழுவதிலும் துயரம் உண்டு, குற்ற அறிக்கை இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்து ஏழு வாரமே ஆன ஒருவரிடம் அதனை எதிர்பார்ப்பது கொடுமை எனலாம். ஆனால் அவ்வெரிப்புக்கு முன்னரே பிற நகரங்கள் பல ஜெர்மானியப் படையால் எரிந்திருந்தன. வார்சா அவற்றுள் ஒன்று. இசையின் மேன்மையை இவ்விடுபாடு குறைப்பதில்லை. கேட்போர் அமைதியைத்தான் குலைக்கிறது.

1945 ஆகஸ்ட் 4ஆம் நாள், கரிந்த சுவர்களுக்கிடையே, எஞ்சிய சிறுவர் அப்பாடலை முதன்முறை பாடினர். அடுத்த சில ஆண்டுகளில் மூன்று பாடகர்குழுக்களுக்கான 'டிரெஸ்டன் இரங்கற்பா'வையும் அவர் இயற்றினார். அவரிடம் பயின்ற சிறுவருள் பீட்டர் ஷ்ரையர் பின்னர் உலகறிந்த பாடகரானார். ஆலயம் 1955இல் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய ஆர்கன் 1963இல் வந்தபோது ஆசானுக்கு வயது எழுபத்து நான்கு.