ஏரி இருந்த இடம்

நகர் வளர்கிறது, வளரட்டும்! மாடிமேல் மாடி எழுகிறது, எழட்டும்! ஆனால், எந்த மண்மீது எழுகிறது என்று கேட்பது பகுத்தறிவாளர் கடமையன்றோ?

சென்னைத் தியாகராய நகரைக் காணுங்கள். பட்டும் பொன்னும் குவிந்த அங்காடி அது. நூறாண்டுக்கு முன் அங்கே அலையடித்தது மாம்பலம் ஏரி! 1920-இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் பிறந்தது. பெருகிய மக்களுக்கு வீடு வேண்டும்; ஏரியை வடித்தனர், தெரு வகுத்தனர். பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர்; நகருக்கு, 1925-இல் மறைந்த தியாகராயர் பெயர். திட்டமிட்ட முயற்சி, பெருமைக்குரியதே.

எனினும், நீருக்குச் சட்டம் தெரியாது. சரிவு மட்டுமே தெரியும். ஏரி போயிற்று, லேக் வியூ ரோடு, டாங்க் பண்ட் ரோடு என்னும் பெயர்களே எஞ்சின. 2015 டிசம்பரில் பெருமழை கொட்டிற்று. அடையாறு கரை புரண்டது. மேற்கு மாம்பலத்து வீடுகளில் வெள்ளம் புகுந்தது. வருணன் சீற்றமா? விதியின் விளையாட்டா? அல்ல, தோழர்களே! மழை இயற்கை, அது தங்க இடமின்றிச் செய்தது மனிதன்.

தண்டனை யாருக்கு? ஆற்றங்கரைக் குடிசை மக்கள் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். வேலை ஓரிடம், வீடு வேறிடம்! அக்குடியிருப்போ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்திலே! கரையோர அடுக்குமாடிகள் மட்டும் அசையாமல் நின்றன. வெள்ளத்துக்கு வகுப்பு வேற்றுமை இல்லை, வெளியேற்றத்துக்கு உண்டு.

வளர்ச்சி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அடிக்கல் நாட்டுமுன் இரு கேள்விக்கு விடை வேண்டும்: நேற்று இந்நிலம் என்னவாக இருந்தது? நாளை இங்கிருந்து துரத்தப்படுபவர் யார்?