அரிவாள் துவைச்சலும் கார்த் தகடும்

ரஞ்சன்குடிக் கோட்டையின் மேல்தளத்தில் நின்றால் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நன்றாகத் தெரியும். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு தெற்கே போகும் நீளமான லாரிகளை அங்கிருந்து எண்ணிக்கொண்டே இருக்கலாம். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் 1751-இல் வாலிகண்டபுரத்தில் நடந்த சண்டையைப் பற்றித்தான் கேட்பார்கள். ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும், மறுபக்கம் முகமது அலியும் ஆங்கிலேயரும். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் அம்பத்தூரில் 31 வருடம் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரு வாளைப் பார்த்தால் அதை வீசியது யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றாது. காய்ச்சியது யார் என்றுதான் தோன்றும்.

முதலில் நம் ஊர்ப் பட்டறையிலிருந்து தொடங்குகிறேன். சிறு வயதில் துருத்தி ஊதியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆசாரி அரிவாளை அடித்து முடித்ததும் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் தோய்ப்பார். ‘சுர்’ரென்று சத்தம் வரும். உடனே வெளியே எடுத்து, ஒரு கல்லால் வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். பளபளப்பின்மேல் முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். தமக்கு வேண்டிய நிறம் வந்த நொடியில் மறுபடியும் தண்ணீரில் போட்டுவிடுவார். இதுதான் துவைச்சல். வைக்கோல் நிறம் என்றால் சுமார் 230 டிகிரி, நீலம் என்றால் 300 டிகிரியை ஒட்டி. தொழிற்சாலையில் இதைத்தான் குவெஞ்சிங், டெம்பரிங் என்று இரண்டாகப் பிரித்து, தனித்தனி உலை வைத்துச் செய்தோம். ஆசாரி ஒரே சூட்டில் இரண்டையும் முடித்துவிடுவார், மீட்டர் எதுவும் இல்லாமல்.

எஃகு ஏன் இப்படி நடந்துகொள்கிறது? சிவக்கக் காய்ந்த இரும்பு, கரியைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். மெதுவாக ஆறினால் அந்தக் கரி பிரிந்து ஒதுங்கிவிடும், இரும்பும் மெத்தென்று ஆகிவிடும். சட்டென்று குளிர வைத்தால் கரிக்கு வெளியேற நேரம் கிடைக்காது. உள்ளேயே சிக்கி நெருக்குவதால் எஃகு கல்லாக இறுகுகிறது. ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் பெயரால் இந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். இறுகினால் மட்டும் போதாது, நொறுங்கவும் கூடாது. அதற்குத்தான் இரண்டாவது இளஞ்சூடு.

இந்தத் தொழிலில் தமிழ்நாடு பிந்தி வந்த நாடு அல்ல. நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவளூரில் மூசையில் எஃகு உருக்கிய இடத்தை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் ‘வூட்ஸ்’ என்று சொன்ன எஃகு இதுதான்.

செய்முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். இரும்பைத் துண்டுகளாக்கி மண் மூசையில் போடுவார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்கட்டை. மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் எஃகுக் கட்டி இருக்கும். நம் கொல்லைமேட்டில் ஆவாரையும் எருக்கும் இன்றும் யாரும் சீந்தாமல் கிடக்கின்றன!

நான் வியந்தது அதற்கு அடுத்த படியைத்தான். அந்தக் கட்டியை அப்படியே அடிக்க மாட்டார்கள். கரி நெருப்பில் பல மணி நேரம் புரட்டிப் புரட்டிக் காய்ச்சி, மேலே காற்று படவிட்டு, அதிகப்படிக் கரியைப் போக்கிய பிறகுதான் சம்மட்டியை எடுப்பார்கள். நாங்கள் அனீலிங் என்று சொன்னதும் இந்த இனம்தான்.

1790-களில் இந்தக் கட்டிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அங்குள்ள கொல்லர்கள் தம் வழக்கப்படி வெள்ளைச் சூட்டில் அடித்தபோது கட்டி உதிர்ந்தது. கரி மிகுந்த எஃகைக் குறைந்த சூட்டில்தான் அடிக்க வேண்டும். மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்தால் பெயர் பெறும் முன்பே, கத்தி வணிகர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து இதே எஃகின் ரகசியத்தைத் தேடி 1820-இலும் 1822-இலும் ஆய்வுகளை வெளியிட்டார். ஃபாரடே கொல்லர் மகன். அதனால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

ஹீத் கும்பெனியின் சென்னை உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்து இரும்புத் தாது பரிசல்களில் காவிரி இறங்கி, கொள்ளிடம் வழியாகப் போனது. நம் அரியலூர்க் கரையை ஒட்டித்தான் போயிருக்க வேண்டும். ஆலை நிலைக்கவில்லை. உலைக்கு வேண்டிய கரி பெரும்பாடாக இருந்தது. ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் எஃகு நன்றாக அமையும் என்று 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டுக்காரர்கள் வழிமுறையைக் கொஞ்சம் மாற்றி, அவருக்குப் பணம் கொடுக்காமலே லாபம் பார்த்தார்கள். வழக்கு முடியும் முன்பே அவர் இறந்துபோனார். அவருக்கு நேர்ந்தது அநியாயம்தான். ஆனால் அவருக்காவது ஒரு காப்புரிமையும் வழக்கும் இருந்தன. பெயர் புத்தகத்தில் இருக்கிறது. ஆவாரங்கட்டையை அளந்து போட்டவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. கப்பலில் வந்த மலிவு இரும்பும், 1882-இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு கரிக்கு வந்த கட்டுப்பாடும் சேர்ந்து அந்த உலைகளை அணைத்தன.

இனி லாரியில் போகும் கார்களுக்கு வருவோம். கதவுகளுக்கு நடுவே உள்ள தூண் போன்ற பாகங்களைப் பல கார்களில் 22MnB5 என்ற தகட்டில் செய்கிறார்கள். Mn என்பது மாங்கனீசு, B என்பது போரான். பலமான தகட்டைப் பச்சையாக அழுத்தினால் விரியும், அல்லது பழையபடி நிமிரும். அதனால் 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, அப்பளமாவு போல் குழைந்திருக்கும்போதே, உள்ளே தண்ணீர் ஓடும் அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். அச்சே தகட்டைக் குளிர வைத்துவிடும். நொடிக்கு 27 டிகிரிக்குக் குறையாமல் ஆற வேண்டும், இல்லாவிட்டால் இறுகாது. வெளியே வரும்போது பலம் சுமார் 1500 மெகாபாஸ்கல், சாதாரணத் தகட்டைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. நெடுஞ்சாலை ஓரம் குடியிருக்கும் நமக்கு விபத்து புதிதல்ல. பக்கவாட்டில் மோதும்போது ஆளுக்கும் எதிர் வண்டிக்கும் நடுவே இருப்பது இந்தத் தூண்தான்.

இந்த முறை 1970-களில் சுவீடனில் பிறந்தது. முதலில் ரம்பத்துக்கும் புல்வெட்டிக்குமான தகடுகளைத்தான் இப்படி இறுக்கினார்கள். 1984-இல்தான் சாப் நிறுவனம் அதைக் காருக்குக் கொண்டுபோனது. ஆக, அங்கேயும் வெட்டும் கருவிதான் முந்தியிருக்கிறது.

அடுத்த மாதம் முழங்கால் ஒத்துழைத்தால் பச்சைமலைப் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். காட்டு மேட்டிலோ ஓடைக்கரையிலோ கனமான கறுப்புக் கிட்டக் கட்டிகளையும், உடைந்த மண் மூசை ஓடுகளையும் பார்த்தவர்கள் இருந்தால் இடத்தை எனக்குச் சொல்லுங்கள். எடுத்து வந்துவிட வேண்டாம், கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும்.