ஹவுப்ட்மார்க்ட், நியூரம்பெர்க்

ஹவுப்ட்மார்க்ட் என்பது ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், நியூரம்பெர்க் நகரின் பழைய பகுதியில் உள்ள சந்தைச் சதுக்கம் ஆகும். ஜெர்மன் மொழியில் இப்பெயர் "முதன்மைச் சந்தை" எனப் பொருள்படும். இது பெக்னிட்ஸ் ஆற்றின் வடபுறம் அமைந்துள்ளது.

தோற்றம்

இவ்விடம் 1349 ஆம் ஆண்டு வரை யூதர்களின் குடியிருப்பாக இருந்தது. அவர்களது தொழுகைக் கூடமும் இங்கேயே இருந்தது. 1349 நவம்பர் 16 இல் அரசர் நான்காம் சார்லஸ், யூதர்களின் வீடுகளை இடித்துச் சந்தைச் சதுக்கம் அமைக்கவும், தொழுகைக் கூடம் இருந்த இடத்தில் மரியாவுக்குத் தேவாலயம் எழுப்பவும் நகர மன்றத்துக்கு அனுமதி அளித்தார். அடுத்த மாதம், டிசம்பர் 5 இல் நடந்த படுகொலையில் குறைந்தது 562 யூதர்கள் கொல்லப்பட்டனர்; குடியிருப்பு அழிக்கப்பட்டது.

மரியா தேவாலயம்

சதுக்கத்தின் கிழக்குப் பக்கத்தில் உள்ள இத்தேவாலயம் 1352 முதல் 1362 வரையான காலத்தில் கோதிக் பாணியில் கட்டப்பட்டது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்த 1356 ஆம் ஆண்டின் "பொன் முத்திரை ஆணை"யை நினைவுகூரும் கடிகாரம் இதன் முகப்பில் உள்ளது. 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட இக்கடிகாரத்தில், நண்பகல் 12 மணிக்கு ஏழு தேர்வாளர்களின் உருவங்கள் பேரரசரின் உருவத்தை மும்முறை வலம் வருகின்றன. அழிக்கப்பட்ட தொழுகைக் கூடத்தின் நினைவாகத் தேவாலயத்தின் உட்தரையில் தாவீதின் விண்மீன் பதிக்கப்பட்டுள்ளது.

அழகிய நீரூற்று

தேவாலயக் கோபுரத்தின் உச்சியைப் போன்ற வடிவுடைய இந்நீரூற்று 14 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்டது. இதன் உயரம் ஏறத்தாழ 19 மீட்டர். மெய்யியலாளர்கள், தேர்வாளர்கள், மோசே, இறைவாக்கினர்கள் உள்ளிட்ட 40 உருவங்கள் இதில் உள்ளன. இன்று காணப்படுவது 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட படியாகும். மூல நீரூற்றின் எஞ்சிய பகுதிகள் நியூரம்பெர்க்கின் ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

20 ஆம் நூற்றாண்டு

நாசி ஆட்சியில் இச்சதுக்கம் "அடால்ஃப் ஹிட்லர் சதுக்கம்" எனப் பெயர் மாற்றப்பட்டு, நாசிக் கட்சி மாநாடுகளின்போது அணிவகுப்புகளுக்குப் பயன்பட்டது. 1945 சனவரி 2 இல் நேச நாடுகள் நடத்திய வான் தாக்குதலில் பழைய நகரின் பெரும்பகுதி அழிந்தது. தேவாலயத்தின் சுவர்களும் முகப்புமே எஞ்சின; கான்கிரீட் உறையால் மூடப்பட்டிருந்த நீரூற்று தப்பியது. போருக்குப் பின் சதுக்கம் பழைய பெயரை மீண்டும் பெற்றது. தேவாலயமும் மீளக் கட்டப்பட்டது.

சந்தை

இங்கு காய்கறி, பழங்கள், பூக்கள் முதலியன விற்கப்படுகின்றன. 17 ஆம் நூற்றாண்டிலிருந்து சான்றுகள் கிடைக்கும் கிறித்துமசுச் சந்தை, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று தொடங்கி டிசம்பர் 24 வரை நடைபெறுகிறது.