விடிவெள்ளியைக் காட்டும் கோளரங்கம்

கோலசிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தி குன்றில் 1907-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. நோன்பு மாதம் நெருங்கும்போது சமய அதிகாரிகள் கூடி, மேற்கே கடலின் மேல் பிறை தெரிகிறதா என்று பார்ப்பதும் இதே குன்றில்தான். வானத்தைப் பார்த்துக் காலத்தை அறியும் வழக்கம் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று.

குன்றுக்கு அப்பால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என விரிந்து கிடந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கும் வானம் நெருங்கிய உறவாக இருந்தது. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். எனவே இருட்டோடு எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, மரம் வெட்டப் போக வேண்டும். கடிகாரம் இல்லாத லயத்து வீடுகளுக்குச் சேவலும் விடிவெள்ளியும்தான் நேரம் சொல்லின. தைப்பூசத்தில் வரும் பூசமும், மாசி மகத்தில் வரும் மகமும், தீபத் திருநாளின் கார்த்திகையும் வானத்தில் கண்ணால் காணக்கூடிய விண்மீன்களே என்பதைப் பெரியவர்கள் அறிந்திருந்தனர்.

ஆனால் அந்த விடிவெள்ளி எல்லாக் காலத்திலும் அதிகாலையில் வருவதில்லை. சில மாதங்கள் கிழக்கில் ஒளிவிடும், பிறகு மறைந்துபோகும், அப்புறம் மாலையில் மேற்கே தோன்றும். இரண்டும் ஒன்றே, அதுவே வெள்ளிக் கோள். இந்த ஆட்டம் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 584 நாட்கள் ஆகும். அத்தனை நாள் பொறுமையாகக் கவனித்தால்தான் புரியக்கூடிய ஒன்றைச் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது கோளரங்கம். அதன் கவர்ச்சியின் இரகசியம் இதுதான்.

அச்சத்தைப் போக்கிய கூரை

கோளரங்கத்தின் கதை ஓர் அச்சத்தில் தொடங்குகிறது. 1774-ஆம் ஆண்டு மே மாதம் நிலவும் நான்கு கோள்களும் வானில் நெருங்கி வந்தபோது, உலகத்திற்கே கேடு வரும் என்ற பீதி நெதர்லாந்தில் பரவியது. பிரானேக்கர் ஊரில் கம்பளி சீவும் தொழில் செய்த ஐஸ ஐசிங்கா, கோள்கள் முறைப்படிதான் சுற்றுகின்றன என்பதைக் காட்ட முனைந்தார். பல்கலைக்கழகம் செல்லாத அவர், ஏழாண்டுகள் உழைத்து, 1781-இல் தம் வீட்டுக் கூரையிலேயே சூரிய மண்டலத்தை அமைத்து முடித்தார். அதில் சனிக்கோள் ஒருமுறை சுற்றி வர உண்மையான சனியைப் போலவே 29 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றும் இயங்கும் அந்த வீட்டை யுனெஸ்கோ 2023-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

விளக்கொளியால் விண்மீன்களைக் காட்டும் இன்றைய கோளரங்கம் ஜெர்மனியில் பிறந்தது. மியூனிக் அருங்காட்சியகத்தின் வேண்டுகோளை ஏற்று, ஸைஸ் நிறுவனப் பொறியாளர் வால்தர் பாவர்ஸ்பெல்ட் அதன் கருவியை உருவாக்கினார். 1923 அக்டோபர் 21-இல் முதன்முதலாகக் காட்டப்பட்ட அது, 1925 மே 7-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆயினும் அந்த முதல் கருவிக்குத் தெரிந்தது மியூனிக்கின் வானம் மட்டுமே. அடுத்து வந்த கருவிதான் உலகின் எந்த ஊர் வானத்தையும் காட்டும் ஆற்றல் பெற்றது. பூமத்திய ரேகைக்கு அருகே துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டிக் கிடக்க, சப்தரிஷி மண்டலமும் தென்சிலுவையும் தெரியும் கோலசிலாங்கூர் வானத்தை ஒரு மண்டபத்துக்குள் கொண்டுவர அப்போதுதான் வழி பிறந்தது.

1962 பிப்ரவரியில் அஷ்டகிரகச் சேர்க்கை என்று இந்தியா எங்கும் பீதி கிளம்பி, யாகங்கள் நடந்தன. மறு ஆண்டே கல்கத்தாவில் பிர்லா கோளரங்கம் திறக்கப்பட்டது. கொழும்பில் 1965-இலும், சென்னையில் 1988-இலும் கோளரங்கங்கள் எழுந்தன. கோலாலம்பூரில் நீலக் குவிமாடத்துடன் அமைந்த தேசியக் கோளரங்கத்தை 1994 பிப்ரவரி 7-இல் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது அதிகாரப்பூர்வமாகத் திறந்துவைத்தார்.

மறைந்துவரும் இருட்டு

நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. பிற்காலத்தில் ரப்பர் காடுகள் பலவும் செம்பனையாயின. மரம் வெட்ட விடியுமுன் நடந்த நடையும் குறைந்தது. தோட்டங்களை விட்டு மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே தெருவிளக்கின் வெளிச்சம் விண்மீன்களை விழுங்கிவிடுகிறது. கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளுக்கும் இருட்டுதான் வாழ்வு. வெளிச்சம் பெருகினால் அவை இணையை அழைக்கும் சைகை எடுபடாது. மின்மினிக்கு நேர்வது விண்மீனுக்கும் நேர்கிறது.

அதன் இழப்பு சிறியதன்று. திருமணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கு இன்னும் இருக்கிறது. ஆனால் பட்டப்பகலில் மண்டபத்துக் கூரையைக் காட்டி, "அதோ அருந்ததி" என்கிறார்கள், மணமக்களும் தலையாட்டுகிறார்கள்! சப்தரிஷி மண்டலத்தில் வசிட்ட மீனை ஒட்டி மங்கலாக மினுங்கும் அருந்ததியை மெய்யாகவே கண்டவர்கள் எத்தனை பேர்? கோளரங்கத்தின் கூரையைச் சுட்டினால் அங்கே அருந்ததி இருக்கும்.

தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கல்விச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும்போது கோளரங்கத்தையும் பட்டியலில் சேர்க்கலாம். பேருந்தில் இடமிருந்தால், பால்வெட்டுக்குப் போன தாத்தா பாட்டிகளையும் ஏற்றிக்கொள்ளலாம். குவிமாடத்தில் விளக்கணைந்து கிழக்கில் ஒரு புள்ளி ஒளிரும்போது, அது ஏன் அங்கே வருகிறது என்பதைக் கோளரங்கம் பிள்ளைக்குச் சொல்லும். அதைப் பார்த்து வேலைக்குப் புறப்பட்ட கதையைப் பாட்டி சொல்வார். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை கிரகங்களைக் கண்டு அஞ்சாது; தன் பாட்டனின் வானத்தையும் மறக்காது.