தேயிலைக்காரர் காசும் கேஸ் கம்பெனி காசும்

கம்பெனிக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் படம் எடுத்துக் கொடுக்கிறவங்க இன்னைக்கு ஊருக்கு ஊர் இருக்காங்க. மூணு நிமிஷம் ஓடணும், பார்க்கிறவன் கண் கலங்கணும், கடைசியில் லோகோ வரணும். இந்தத் தொழிலுக்குத் தாத்தா யாருன்னு தேடினால் 1930-களின் லண்டனில், ஜான் கிரியர்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரரிடம் போய் நிற்போம். முதலில் எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு, 1933-இல் அதை மூடியதும் பிரிட்டிஷ் தபால் துறை என்று அடுத்தவர் காசில் படம் எடுக்கும் ஒரு பட்டாளத்தையே வளர்த்தவர்.

அந்தப் பட்டாளத்தின் இரண்டு படங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலாவது 'சாங் ஆஃப் சிலோன்' (1934). காசு கொடுத்தது சிலோன் தேயிலைப் பிரச்சார வாரியம். அவர்கள் கேட்டது நான்கு சின்னப் பயணப் படங்கள். இயக்குநர் பேசில் ரைட் இலங்கைக்குப் போய்விட்டு வந்து கொடுத்ததோ, நான்கு பகுதிகளாக ஒரே படம், 40 நிமிடம் பக்கம்! இன்றைய கிளையண்ட் யாராவது விடுவாரா? :-)

"எங்கள் டீயைக் குடியுங்கள்" என்று எங்கேயாவது வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. சிவனொளிபாத மலை ஏறும் பக்தர்கள், நடனம், புத்தர் சிலைகள். பின்னணியில் 1681-இல் ராபர்ட் நாக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய புத்தகத்தை லயனல் வெண்ட் வாசிக்கிறார். 1935-இல் பிரஸ்ஸல்ஸில் பரிசும் வாங்கியது. அழகான படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது பகுதியில்தான் எனக்கு உறுத்தல். கொழுந்து பறிக்கும் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் மேல் ஒலிப்பது சந்தை விலையும், வியாபாரக் கடிதம் சொல்லும் குரல்களும். வணிகத்தைக் குத்திக்காட்டத்தான் ரைட் அப்படிச் செய்தார் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்தக் காலத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நம்ம ஊர்ப்பக்கமிருந்து போன தமிழர்கள். அவர்கள் பேசி ஒரு வரி இல்லை. லயத்துக்குள் கேமரா நுழையவும் இல்லை. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாகிப் போனார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு இன்னைக்குப் பார்க்கிறப்போ, அந்த மௌனம் என்னவோ செய்கிறது.

ஒலியெல்லாம் லண்டனில் சேர்த்தது, அதனால்தான் பேசவில்லை என்று சமாதானம் சொல்லலாம்தான். ஆனால் அடுத்த வருஷமே அதே பட்டாளத்துக்காரர்களான ஆர்தர் எல்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' (1935) எடுக்கிறார்கள். லண்டன் ஸ்டெப்னியின் சேரி வீடுகள். எந்திரங்களை அந்த இடுக்கு வீடுகளுக்கே தூக்கிக்கொண்டு போய், அங்கே குடியிருப்பவர்களையே கேமராவைப் பார்த்துப் பேச வைத்தார்கள். ஒரு அம்மா வீட்டுக்குள் வந்த எலியைப் பற்றிச் சொல்கிறார் பாருங்கள், பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரியே இருக்கும். கிரியர்சனின் தங்கை ரூபிதான் அவர்களோடு பழகிக் கூச்சத்தைப் போக்கினார். இன்றைய தொண்டு நிறுவனப் படங்களில் பயனாளி கேமரா முன் பேசுகிறாரே, அதன் பூர்வீகம் இதுதான்.

சரி, இதற்குக் காசு யார்? ஏதோ தர்ம ஸ்தாபனம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். பிரிட்டிஷ் கேஸ் கம்பெனிகளின் சங்கம்! சேரியை இடித்துப் புது அடுக்குமாடி கட்டினால், வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு போகும். மின்சாரம் வேறு போட்டிக்கு வந்துகொண்டிருந்த காலம்.

அப்படியானால் அது போலிப் படமா? எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. எலி நிஜம், ஒழுகும் சுவர் நிஜம், அந்த அம்மாவின் கோபமும் நிஜம். அவர் வீடு மாறுவதில் கேஸ்காரருக்கும் லாபம் இருந்தது, அதனால் அவருக்குப் பேச இடம் கிடைத்தது. கொழுந்து பறித்த பெண்ணின் வீடு மாறினால் தேயிலைக்காரருக்குச் செலவுதானே?

முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' கால் மணி நேரம்தான்.